பனிவெளியில் யாருமே இல்லையா?

துருவப் பிரதேசத்தை வரையச் சொன்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை என்ன வரையும்? ஒரு பனிவீடு. பக்கத்தில் ஒரு வெள்ளைக் கரடி. கரடியின் தோளில் கை போட்டபடி ஒரு பெங்குவின். கரடி இருப்பது வடக்கே, பெங்குவின் இருப்பது தெற்கே, மிருகக்காட்சி சாலையைத் தவிர வேறெங்கும் இரண்டும் சந்தித்துக்கொள்ள வழியே இல்லை என்பதெல்லாம் பிள்ளைக்குத் தெரியாது. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் பெரியவர்கள் எழுதிய நாவல்களும், எடுத்த சினிமாக்களும், இப்போது வரும் வீடியோ கேம்களும்கூடப் பெரும்பாலும் அதே படத்தைத்தான் வரைகின்றன. செலவு மட்டும் கொஞ்சம் கூடுதல்!

வடதுருவம் கடல், சுற்றிலும் நிலம். தென்துருவம் நிலம், சுற்றிலும் கடல். இது புவியியல் பாடத்திலேயே வந்துவிடும். பாடத்தில் அழுத்திச் சொல்லாத இன்னொரு வித்தியாசம் உண்டு. அண்டார்டிகாவில் பூர்வகுடி என்று யாரும் கிடையாது. ஆர்க்டிக்கிலோ மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குடும்பம் நடத்தி வருகிறார்கள். கிரீன்லாந்து, கனடா, அலாஸ்காவில் இன்யூட் இன மக்கள், ஸ்காண்டிநேவியாவின் வடக்கே சாமி மக்கள், சைபீரியாவில் நெனெட்ஸ், சுக்சி என்று பட்டியல் நீளும். ரஷ்யாவின் வடக்கு நகரங்களையும் சேர்த்துக்கொண்டால் ஆர்க்டிக்கின் மக்கள்தொகை சுமார் 40 லட்சம். இத்தனை பேரும் கதைகளில் எங்கே போனார்கள் என்பதுதான் கேள்வி.

ஒரு சின்ன உதாரணம். ஜான் கேம்ப்பெல் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1938இல் ஒரு குறுநாவல் எழுதினார். அண்டார்டிகாவில் ஒரு ஆய்வு முகாம். பனிக்கடியில் வேற்றுக்கிரக ஜந்து ஒன்று கிடைக்கிறது. அது யார் உருவத்தையும் எடுத்துக்கொள்ளும். 1951இல் இது சினிமாவானபோது கதையை வடதுருவப் பக்கம் மாற்றிவிட்டார்கள். 1982இல் ஜான் கார்ப்பென்டர் 'தி திங்' என்ற பெயரில் மறுபடி எடுத்தபோது கதை திரும்ப அண்டார்டிகாவுக்கே போனது. (உலகின் மிகச் சிறந்த திகில் படங்களில் ஒன்று. தென்துருவத்தில் இருக்கும் அமெரிக்க நிலையத்தில், குளிர்காலத்துக்கு முன் கடைசி விமானம் கிளம்பிப் போனபிறகு, மிச்சமிருப்பவர்கள் எல்லாரும் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பது ஒரு வழக்கம். தைரியசாலிகள்தான்.) படத்தைக் குறை சொல்வதற்கில்லை. கவனிக்க வேண்டியது வேறு. உலகின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கதையைத் தூக்கிப் போட்டும் அதற்கு ஒரு சேதமும் இல்லை. இரண்டு இடமும் கதாசிரியர்களுக்கு ஒன்றுதான். வெள்ளையாக, காலியாக, ஓடி ஒளிய இடமில்லாமல் இருந்தால் போதும்.

இந்தப் பழக்கம் பழையது. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்றதும் ஆய்வுக்கூடமும் மின்னலும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நாவலைத் திறந்தால் முதலில் வருவது வடதுருவத்தைத் தேடிப் போகும் ஒரு கப்பல் தலைவனின் கடிதங்கள். கடைசிக் காட்சியும் பனிக்கடலில்தான். அந்த வால்டன் துருவத்தில் என்ன இருக்கும் என்று கனவு காண்கிறான் தெரியுமா? சூரியன் மறையாத, அழகான ஒரு பூமி. நாவல் வெளிவந்தது 1818 ஜனவரியில். அதே ஆண்டு பிரிட்டிஷ் கடற்படை நிஜமாகவே வடக்கே கப்பல்களை அனுப்பியது. அதில் ஒரு கப்பலுக்குத் தலைமை ஏற்றுப் போன இளம் அதிகாரியின் பெயர் ஜான் ஃபிராங்க்ளின். துருவக் கதைகள் அத்தனைக்கும் பெரியப்பா என்று இவரைத்தான் சொல்ல வேண்டும்.

ஃபிராங்க்ளின் 1845இல் கடைசியாகப் புறப்பட்டபோது வயது 59. எரிபஸ், டெரர் என்று இரண்டு கப்பல்கள். மூன்று வருடத்துக்கான டின் உணவு, நீராவி இயந்திரம், வெள்ளிக் கரண்டிகள், பெரிய நூலகம். ஆர்க்டிக் தீவுகளுக்கு நடுவே பசிபிக் கடலுக்கு வழி கண்டுபிடிப்பது நோக்கம். 129 பேர் போனார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. கிங் வில்லியம் தீவுக்கு அருகே 1846 செப்டம்பரில் கப்பல்கள் பனியில் சிக்கின. 1847 ஜூனில் ஃபிராங்க்ளின் இறந்தார். 1848 ஏப்ரலில் மிச்சமிருந்த 105 பேர் கப்பல்களை விட்டுவிட்டுத் தெற்கே நடக்க ஆரம்பித்தார்கள். வழியெல்லாம் விழுந்து செத்தார்கள்.

இங்கிலாந்தில் இது எதுவும் யாருக்கும் தெரியாது. தேடிப் போன கப்பல்கள் ஏராளம். கடைசியில் 1854இல் உருப்படியான சேதி கொண்டுவந்தவர் ஜான் ரே என்ற டாக்டர். ஹட்சன் பே கம்பெனியின் ஊழியர். இன்யூட் மக்களைப் போலவே உடுத்தி, அவர்களைப் போலவே பனிவீட்டில் தூங்கி, நடந்தே நூற்றுக்கணக்கான மைல் போகக்கூடிய மனிதர். அவரிடம் இன்யூட் மக்கள் விஷயத்தைச் சொன்னார்கள். வெள்ளைக்காரர்கள் கூட்டமாக நடந்து போனதை, பிறகு பிணங்களாகக் கிடந்ததை, கடைசியில் பசி தாங்காமல் செத்தவர்களின் உடலையே தின்றிருந்ததை. ஃபிராங்க்ளின் குழுவின் வெள்ளிக் கரண்டிகளும் முள்கரண்டிகளும்கூட அவர்களிடம் இருந்தன. ரே அவற்றை விலைக்கு வாங்கி வந்தார். கேட்டதை அப்படியே அறிக்கையாகக் கொடுத்தார்.

இங்கேதான் இலக்கியம் உள்ளே நுழைகிறது. ஃபிராங்க்ளினின் மனைவி ஜேன் கொதித்துப் போனார். அவருக்குத் துணையாக வந்தவர் சாதாரண ஆள் இல்லை, சார்லஸ் டிக்கன்ஸ். ஏழைகளுக்காக, அநாதைகளுக்காகக் கண்ணீர் வரவழைத்த அதே டிக்கன்ஸ்! தான் நடத்திய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' பத்திரிகையில் 1854 டிசம்பரில் அவர் எழுதியதன் சாரம் இதுதான்: ஆங்கிலேய மாலுமி இப்படிச் செய்திருக்கவே மாட்டான், சொன்னவர்கள் காட்டுமிராண்டிகள், அவர்கள் சொல்லை நம்புவதற்கில்லை, ஒருவேளை அவர்களே அந்த மாலுமிகளைக் கொன்றிருக்கலாம். ரே பதில் எழுதினார். டிக்கன்ஸ் அதையும் வெளியிட்டார், அந்த நேர்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு பக்கம் டிக்கன்ஸின் பேனா, மறுபக்கம் ஒரு வியாபாரக் கம்பெனி டாக்டரின் பேனா. யார் ஜெயிப்பார்கள்?

டிக்கன்ஸ் அத்தோடு நிற்கவில்லை. நண்பர் வில்கி காலின்ஸ் எழுதிய 'தி ஃப்ரோஸன் டீப்' என்ற நாடகத்தை 1857 ஜனவரியில் தன் வீட்டிலேயே மேடையேற்றினார். நாயகன் வேடம் அவருக்கே. ஆர்க்டிக்கில் வழிதவறிய இரண்டு பேர். இருவரும் ஒரே பெண்ணைக் காதலித்தவர்கள். நாயகன் தன் போட்டியாளனைக் காப்பாற்றிவிட்டுத் தான் உயிரை விடுகிறான். பசித்தால் பக்கத்தில் இருப்பவனைத் தின்பவனா ஆங்கிலேயன், எதிரிக்கே உயிரைக் கொடுப்பவன் அல்லவா என்று கேட்காமல் கேட்கிறது நாடகம். அந்த ஜூலையில் விக்டோரியா மகாராணிக்காகத் தனியாக ஒருமுறை நடித்துக் காட்டினார்கள். இந்த வேடத்தில் நடித்தபோது மனதில் விழுந்த விதைதான் 'இரு நகரங்களின் கதை' நாவல் என்று டிக்கன்ஸே சொல்லியிருக்கிறார்.

ரேவுக்கும் அவர் ஆட்களுக்கும் அரசாங்கம் அறிவித்திருந்த 10,000 பவுண்டு பரிசு கிடைத்தது. சர் பட்டம் கிடைக்கவில்லை. பணம் வரவு, பெயர் பற்று. இன்யூட் மக்களின் கணக்கிலோ வரவே இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னதற்குப் பொய்யர்கள் என்ற பட்டம்தான் மிச்சம்.

அதே தீவில் ஐம்பது வருடம் கழித்து நடந்ததைச் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் முழுசாக விளங்கும்.

ரோல்ட் அமுண்ட்சன் என்ற நார்வேக்காரர் சின்ன வயதில் ஃபிராங்க்ளினின் புத்தகத்தைப் படித்துத் துருவப் பைத்தியம் ஆனவர். 1903இல் ஆறு பேரோடு, ஜோவா என்ற பழைய மீன்பிடிப் படகில் அதே கடல்வழியைத் தேடிப் போனார். கிங் வில்லியம் தீவின் தென்கரையில் நிறுத்தி, கிட்டத்தட்ட இரண்டு வருடம் தங்கினார். அங்கே வாழ்ந்த நெட்சிலிக் இன்யூட் மக்களிடம் மாணவனாக உட்கார்ந்தார். கரிபூ மான்தோல் உடையை உடம்போடு ஒட்டாமல் தளர்வாகப் போட்டால்தான் வியர்க்காது, வியர்வை உறையாது என்று கற்றுக்கொண்டார். பனிவீடு கட்டவும், எந்தக் குளிரில் சறுக்குவண்டியை எப்படித் தயார் செய்வது, நாய்களை எப்படி ஓட்டுவது என்றும் கற்றுக்கொண்டார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பட்டினியில் செத்த அதே தீவில் மக்கள் சீல் வேட்டையாடிக் குழந்தை குட்டியோடு இருந்தார்கள் என்பது எவ்வளவு பெரிய செய்தி! அமுண்ட்சன் 1906இல் அந்தக் கடல்வழியை முடித்தார். அங்கே படித்த பாடத்தை எடுத்துக்கொண்டு தெற்கே போனார். 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவம். போக வர 99 நாள். ஐந்து பேரும் பத்திரம்.

இதில் எத்தனை சினிமா வந்திருக்க வேண்டும்? வந்ததெல்லாம் அவருக்கு ஒரு மாதம் பின்னால் போய்ச் சேர்ந்து, திரும்பும் வழியில் நான்கு தோழர்களோடு இறந்துபோன ராபர்ட் ஸ்காட்டைப் பற்றித்தான். ஸ்காட் குழுவில் கடைசி மூவரின் கூடாரம் இருந்த இடத்திலிருந்து உணவுக் கிடங்குக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தூரம்தான். உடலோடு கிடைத்த நாட்குறிப்பு 1913இல் புத்தகமாக வந்து ஒரு தேசத்தையே அழவைத்தது. உடன் சென்ற குழுவைச் சேர்ந்த செர்ரி கெரார்ட் 1922இல் எழுதிய 'தி வர்ஸ்ட் ஜர்னி இன் தி வேர்ல்ட்' பயண இலக்கியத்தில் இன்றைக்கும் முன்வரிசை. 1948இல் 'ஸ்காட் ஆஃப் தி அண்டார்டிக்' என்ற சினிமா. அமுண்ட்சனுக்கு என்று பெரிய சினிமா ஒன்று அவர் சொந்த நாட்டிலிருந்தே வர 2019 ஆனது.

ஸ்காட்டை மட்டம் தட்டுவது இப்போது சுலபம். ரோலண்ட் ஹன்ட்ஃபோர்ட் 1979இல் எழுதிய புத்தகம் அதைச் செய்தது. அவர் திறமையில்லாத தலைவர் என்றது. பிறகு 2001இல் சூசன் சாலமன் என்ற வளிமண்டல விஞ்ஞானி பழைய வானிலைப் பதிவுகளைப் புரட்டி, அந்த மார்ச் மாதக் குளிர் வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்தது, வெறும் திறமைக் குறைவு என்று சொல்லிவிட முடியாது என்றார். இரண்டு பக்கமும் வாதம் உண்டு. இங்கே பேச்சு ஸ்காட்டின் திறமை பற்றி இல்லை. எந்தக் கதை விற்கிறது என்பதுதான்.

விற்பது என்று சொல்வது மிகையல்ல. துருவப் பயணம் என்பது அந்தக் காலத்தில் முதலீடு போட்ட தொழில். ஷாக்கிள்டன் 1914இல் எண்டூரன்ஸ் கப்பலில் புறப்படுவதற்கு முன்பே பயணத்தின் சினிமா உரிமையை வைத்துப் பணம் புரட்டியிருந்தார். கப்பல் பனியில் நசுங்கி மூழ்கியபோது புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி உறைந்த தண்ணீருக்குள் இறங்கிக் கண்ணாடி நெகடிவ்களை மீட்டார். சுமக்க முடியாது என்று அதில் சுமார் 400ஐ உடைத்துப் போட்டுவிட்டு 120ஐ மட்டும் எடுத்து வந்தார்கள். அந்தப் படம் 1919இல் 'சவுத்' என்ற பெயரில் வெளிவந்தது. கப்பல் மூழ்காமல் திட்டமிட்டபடி நடந்து முடிந்திருந்தால் இத்தனை தலைமுறை அதைப் பார்த்திருக்குமா என்பது சந்தேகம்தான். எல்லாம் ஒழுங்காக நடந்தால் சரக்கு இல்லை. எனவே சரியாக வாழத் தெரிந்தவர்களும் சரக்கு இல்லை.

'அதெப்படி, எஸ்கிமோக்களைப் பற்றி உலகப் புகழ்பெற்ற படம் இருக்கிறதே?' என்று சினிமா தெரிந்தவர்கள் கேட்கலாம். இருக்கிறது. 'நானூக் ஆஃப் தி நார்த்', 1922. ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி எடுத்தது. ஆவணப்படம் என்ற வகைக்கே தாய் என்று பாடத்தில் வைக்கிறார்கள். பணம் போட்டது ரெவியோன் என்ற பிரெஞ்சுத் தோல் வியாபார நிறுவனம். (விளம்பரச் செலவு என்று எழுதிக்கொண்டார்களோ என்னவோ!)

படத்தில் நானூக்காக வருபவரின் நிஜப்பெயர் அல்லகரியல்லாக். படத்தில் அவர் குடும்பமாகக் காட்டப்படுவது அவர் குடும்பமே இல்லை. அவரும் ஊர்க்காரர்களும் அப்போதே துப்பாக்கி வைத்து வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். படத்துக்காக ஈட்டியை எடுக்கச் சொன்னார்கள். கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும் என்று பாதி திறந்த பனிவீடு ஒன்று கட்டப்பட்டது. கிராமபோன் தட்டைப் பார்த்து ஒன்றும் புரியாமல் சிரித்து, அதைக் கடித்துப் பார்க்கும் காட்சி இருக்கிறதே, அதுவும் நடிப்புதான். அல்லகரியல்லாக் நல்ல நடிகர். இரண்டு வருடம் கழித்து அவர் வேட்டைக்குப் போய்ப் பட்டினியில் இறந்துவிட்டார் என்று ஃபிளாஹெர்ட்டி சொல்லிவந்தார். அவர் வீட்டில், நோயில், பெரும்பாலும் காசநோயில் இறந்திருக்க வேண்டும் என்பதே ஆராய்ந்தவர்கள் கருத்து. காசநோய் வெளியிலிருந்து வந்த சாவு. பட்டினி என்றால் பனி மேல் பழியைப் போட்டுவிடலாம்.

சினிமா என்றால் கொஞ்சம் ஜோடனை இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தக் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. படம் எடுக்கப்பட்ட ஊர் இனுக்ஜுவாக். கனடாவில் ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரை. 1953இலும் 1955இலும் கனடிய அரசு அங்கிருந்து சில இன்யூட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, சுமார் 2000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் இறக்கியது. ரெசல்யூட், கிரைஸ் ஃபியோர்டு என்று இரண்டு இடங்கள். நல்ல வேட்டை கிடைக்கும், பிடிக்கவில்லை என்றால் இரண்டு வருடத்தில் திரும்பலாம் என்று சொன்னார்கள். யாரும் இல்லாத அந்த வடகோடியில் தன் நாட்டுக் கொடிக்கு ஆள் வேண்டும் என்பதும் அரசின் நோக்கம் என்று பின்னாளில் பலரும் எடுத்துக்காட்டினார்கள். இனுக்ஜுவாக்கில் குளிர்காலத்திலும் தினம் சூரியன் உதிக்கும். கிரைஸ் ஃபியோர்டில் மாதக்கணக்கில் உதிக்காது. மிருகங்கள் வேறு, பனி வேறு, தண்ணீர் எடுக்கும் விதம் வேறு. 'எஸ்கிமோதானே, பனிதானே, எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வான்' என்ற எண்ணம் இல்லாமல் இப்படி ஒரு திட்டம் போட முடியுமா? அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? படம் ஒன்றுதான் காரணம் என்று சொல்வது அபாண்டம். ஆனால் எந்த உபகரணமும் இல்லாமல் சிரித்துக்கொண்டே எதையும் தாங்கும் மனிதன் என்று உலகத்துக்கே அறிமுகப்படுத்தியது அந்தப் படம்தான்.

1955இல் அப்படிக் கிரைஸ் ஃபியோர்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் ஜோசபி ஃபிளாஹெர்ட்டி. ஆமாம், அதே ஃபிளாஹெர்ட்டிதான். படம் எடுக்க வந்த இயக்குநருக்கும் உள்ளூர்ப் பெண் ஒருவருக்கும் பிறந்த மகன். அப்பா அந்த ஊருக்குத் திரும்பி வரவேயில்லை. ஜோசபியின் மகள் மார்த்தா குழந்தையாக அந்தக் கப்பலில் போனவர். அவர் வாழ்க்கையை வைத்து 2009இல் 'மார்த்தா ஆஃப் தி நார்த்' என்று ஒரு ஆவணப்படம் வந்தது. தாத்தா எடுத்த படத்தின் பெயருக்குப் பேத்தி கொடுத்த பதில் போல இருக்கிறது தலைப்பு. கனடிய அரசு 2010 ஆகஸ்டில் மன்னிப்புக் கேட்டது.

சொந்தக் கதையை அவர்களே எடுத்தால் எப்படியிருக்கும் என்பதற்கும் விடை உண்டு. ஜக்கரியாஸ் குனுக் என்ற இன்யூட் இயக்குநரின் 'அதனார்ஜுவாட்', 2001. முழுக்க இனுக்டிடுட் மொழி. அந்த ஆண்டு கான் விழாவில் முதல் படத்துக்கான கேமரா விருது பெற்றது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், பொறுமை வேண்டும். பழைய நாட்டார் கதை. வெள்ளைக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. ஆடையின்றி, வெறுங்காலோடு ஒருவன் உருகும் பனிக்கடல் மேல் உயிருக்கு ஓடும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அவனைத் துரத்துவது குளிரோ ஜந்துவோ இல்லை. பொறாமை பிடித்த பங்காளிகள்தான்! நம் ஊர்க் கிராமத்துக் கதை போலப் பெண் தகராறு, பழி, பாட்டியின் சொல். பனி அங்கே வில்லன் இல்லை. தரை, அவ்வளவுதான். கோடை வருகிறது, புல் முளைக்கிறது, குழந்தைகள் விளையாடுகிறார்கள். துருவத்தில் புல்லா என்று ஆச்சரியப்படுபவர்கள் அதுவரை பார்த்த படங்களின் தரத்தை யோசித்துப் பார்க்கலாம்.

வீடியோ கேம்களுக்கு வந்தால் நிலைமை கலவை. போலந்து நிறுவனம் ஒன்று 2018இல் வெளியிட்ட 'ஃப்ரோஸ்ட்பங்க்' பெரிய வெற்றி. உலகமே உறைந்துவிட, லண்டன்வாசிகள் வடக்கே ஓடி ஒரு ராட்சத நிலக்கரி உலையைச் சுற்றி நகரம் கட்டுகிறார்கள். குழந்தைகளை வேலைக்கு அனுப்புவதா வேண்டாமா, செத்தவர்களை என்ன செய்வது என்று ஆடுபவரைத் தூங்கவிடாத கேள்விகளாகக் கேட்கும். மிக நல்ல ஆட்டம். ஆனால் வடக்கே ஏற்கெனவே யாராவது இருந்திருப்பார்களே, அவர்களிடம் கேட்கலாமே என்ற கேள்வி மட்டும் வராது. 'தி லாங் டார்க்' என்ற கனடிய ஆட்டத்தில் உடல்சூடு ஒரு அளவுகோலாகத் திரையில் குறைந்துகொண்டே வரும். குளிர் என்றால் கணக்கில் கழிந்துகொண்டே போகும் ஒரு தொகை.

இவற்றோடு 2014இல் வந்த 'நெவர் அலோன்' ஆட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அலாஸ்காவின் குக் இன்லெட் பழங்குடி கவுன்சில் முன்னின்று உருவாக்கியது. கதையைச் சொல்லும் குரல் இன்யூப்பியாக் மொழியில். நூனா என்ற சிறுமியும் ஒரு வெள்ளை நரியும், ஓயாத பனிப்புயல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகிறார்கள். ஆட ஆட, அந்த மக்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே பேசும் சின்னச் சின்ன வீடியோக்கள் திறக்கும். ஆட்டமாகப் பார்த்தால் குறைகள் உண்டு. தாவல்கள் சில இடத்தில் எரிச்சலூட்டும். ஆனால் அதில் காற்று வரும் விதம் புதுசு. சூறைக்காற்று அடிக்கும்போது குனிந்து தரையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தூக்கி எறியும். அதே காற்று சரியான பக்கம் வீசும்போது தாவினால், சாதாரணமாகத் தாண்ட முடியாத பள்ளத்தைத் தாண்டலாம்.

கடைசியாக அந்தத் தீவுக்கே திரும்பலாம். ஃபிராங்க்ளின் கதையை டான் சிம்மன்ஸ் 2007இல் 'தி டெரர்' என்று நாவலாக்கினார். 2018இல் அது பத்து பகுதித் தொலைக்காட்சித் தொடராக வந்தது. நடிப்பு, ஒளிப்பதிவு எல்லாம் முதல் தரம். இன்யூட் வேடங்களில் இன்யூட் நடிகர்கள், அவர்கள் மொழியிலேயே வசனம் என்று டிக்கன்ஸ் காலத்திலிருந்து வெகுதூரம் வந்திருக்கிறது. முடிவில் கேப்டன் க்ரோசியர் அந்த மக்களோடே தங்கிவிடுகிறார். இத்தனைக்கும் மேலே ஒரு பூதம்! துன்பாக் என்று ஒரு ராட்சதக் கரடி ஆளாளுக்குத் தலையைக் கிள்ளுகிறது. பேர்தான் இன்யூட் பேர் மாதிரி, ஜந்து சிம்மன்ஸின் கற்பனை. பசியும் ஸ்கர்வி நோயும் கப்பலைப் பிடித்து நெரிக்கும் பனியும், யாரையும் கேட்க மாட்டேன் என்ற பெருமையும் போதாதா? தொடரைப் பார்த்தவர்களைக் கேட்டால், பூதம் வராத காட்சிகளில்தான் அதிகம் பயந்தோம் என்று பாதிப் பேராவது சொல்வார்கள்.

நிஜத்தில் எரிபஸ் 2014இல் கிடைத்தது, ஒரு கப்பல் இங்கேதான் மூழ்கியது என்று இன்யூட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பகுதியில். டெரர் 2016இல் கிடைத்தது. தீவின் தென்கரையில், அமுண்ட்சன் தங்கிய அதே இடத்தில் இன்று இருக்கும் ஜோவா ஹேவன் ஊரைச் சேர்ந்த சாமி கோக்விக், சில வருடங்களுக்கு முன் ஒரு விரிகுடாவில் பனிக்கு மேலே மரத்தூண் மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தார். அவர் சொன்ன விரிகுடாவுக்குப் போய்ப் பார்த்தார்கள், கப்பல் இருந்தது.

தீவில் கிடைத்த எலும்புகளில் கத்தி வெட்டுகள் இருப்பது 1990களிலேயே தெரிந்துவிட்டது. யாருடைய எலும்புகள் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. 2024இல் மரபணுச் சோதனையில் ஒரு தாடை எலும்பின் சொந்தக்காரர் யார் என்று தெரிந்தது. எரிபஸின் கேப்டன் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ். வெட்டுத் தழும்புகள் அந்தத் தாடையிலும் இருந்தன. இன்யூட் மக்கள் ரேவிடம் அதைச் சொல்லி அப்போது 170 வருடம் ஆகியிருந்தது.